எதிர்வீட்டுக்குப் புரியாத வேப்பிலை

1

இன்று காலை எதிர்வீட்டு ஜன்னலில் கம்பம் ஏறிவிட்டது. மூங்கில் கம்பு, அதன் தலையில் கவிழ்த்த செம்பு, செம்புக்குக் கீழே மடிப்புக் கலையாத பச்சைப் பட்டு, சர்க்கரை வில்லை மாலை, மாவிலை, ஒரு பெரிய கொத்து வேப்பிலை. மராட்டியர்களுக்கு இன்று வருஷப் பிறப்பு. குடி பாட்வா என்று பெயர். பேரைப் பார்த்து நம் ஊர் ஆட்கள் தப்புக்கணக்குப் போட வேண்டாம். குடி என்றால் அந்தக் கம்பம்தான்.

அந்த வேப்பிலையைப் பார்த்ததும் காபி டம்ளரை அப்படியே வைத்துவிட்டுப் போய் எங்கள் வீட்டு நிலைக்கதவைத் திறந்து மேலே பார்த்தேன். வெறும் நிலைதான். ஒன்றும் இருக்காது என்று தெரியும். தெரிந்தும் பார்த்தேன். போன பாட்வாவிலிருந்து எனக்கு இது ஒரு வியாதியாகிவிட்டது.

நாங்கள் திருநெல்வேலிக்குத் தெற்கே இருந்து வந்தவர்கள். கல்யாணமான புதிதில் தாராவியில் இருந்தோம், இப்போது செம்பூரில் வாடகை ஃப்ளாட். என் வீட்டுக்காரர் சாமுவேல் வாஷி மார்க்கெட்டில் ஒரு மொத்த வியாபாரியிடம் கணக்குப் பார்க்கிறார். நான் மாட்டுங்காவில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறேன். மகள் பெனிட்டா ஏழாம் வகுப்பு. வீட்டில் தமிழில் பேசுவாள், கோபம் வந்தால் இந்தியில் பேசுவாள், தமிழ் எழுத்தைக் காட்டினால் கொட்டாவி விடுவாள்.

எதிர்வீட்டில் சாவந்த் குடும்பம். அந்த வீட்டம்மாளை பில்டிங் முழுக்க காக்கு என்று கூப்பிடும். நம் ஊரில் சித்தி, பெரியம்மா என்கிற மாதிரி. அவர் வீட்டுக்காரர் சொசைட்டி என்கிற எங்கள் பில்டிங் சங்கத்துக்குச் செக்ரட்டரி; வாடகைக்கு இருப்பவர்களுக்கு அவர் கையெழுத்து வேண்டும். மகன் நிதின், மருமகள் பல்லவி. எங்கள் வீட்டு இன்னொரு சாவி ஒன்பது வருஷமாக அவர்கள் வீட்டு ஆணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. மும்பையில் எதிர்வீட்டுக்காரரிடம் சாவி கொடுத்து வைப்பது பெரிய விஷயமில்லை. அதைத் திருப்பிக் கொடுப்பதுதான் பெரிய விஷயம்.

2

நம் ஊரில் ஒரு வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருந்தால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். பால்காரர் செம்பை நடையிலேயே வைத்துவிட்டுப் போவார். தபால்காரர் பேரைக் கூப்பிட மாட்டார். மீன்காரி அந்த வீட்டைத் தாண்டும் வரை கூவ மாட்டாள். எங்கள் தெரு முழுக்கக் கிறிஸ்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அம்மன், சாமி என்று யாராவது வாய் திறந்தால் போதகர் முறைப்பார். ஆனால் அம்மை கண்டால் எங்கள் வீட்டிலும் வேப்பிலைதான். அதே போதகர் அதைப் பார்த்தும் பாராத மாதிரி தெருவின் மறுபக்கமாகப் போவார்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எனக்கு அம்மை போட்டிருந்தது. என் சித்தி பிள்ளையாண்டிருந்தாள்; பிள்ளைத்தாய்ச்சிக்கு அம்மை ஒட்டினால் வயிற்றுப் பிள்ளைக்கு ஊனம் வரும் என்பார்கள். எங்கள் வீட்டுக்கு வருவதற்காக பஸ்ஸில் வந்து இறங்கியவள், தெருமுனையிலேயே வாசலைப் பார்த்துவிட்டாள். அம்மா நடையில் நின்றிருந்தாள். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. சித்தி கையை மட்டும் ஆட்டிவிட்டு அதே பஸ்ஸில் திரும்பிப் போனாள். ஜன்னல் வழியாக நான் அதைப் பார்த்தேன். அந்தப் பிள்ளை இப்போது கோயம்புத்தூரில் நன்றாக இருக்கிறான். வேப்பிலை அவ்வளவு சத்தமாகப் பேசும் என்று நம்பி வளர்ந்தவள் நான்.

போன வருஷம் பாட்வாவுக்கு முந்தின நாள் பெனிட்டாவுக்குக் காய்ச்சல். சாயங்காலம் சட்டையைக் கழற்றிப் பார்த்தால் மார்பிலும் முதுகிலும் முத்து முத்தாகக் கிளம்பியிருந்தது. டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்தார், தனியாகப் படுக்க வையுங்கள் என்றார். திரும்பி வரும்போது ஸ்டேஷன் வாசல் முழுக்க மாவிலையும் சாமந்தியும் வேப்பிலையுமாகக் குவித்து விற்றுக்கொண்டிருந்தார்கள். மரத்தைத் தேடி அலைய வேண்டாமே என்று எனக்கு ஒரே நிம்மதி. ஒரு கட்டு வேப்பிலை வாங்கினேன். கடைக்காரன் "பாட்வா?" என்று சிரித்தான். வாயாடத் தெம்பில்லாமல் நானும் தலையாட்டி வைத்தேன்.

நிலையின் இரண்டு பக்கமும் கொத்துக் கொத்தாகக் கட்டினேன். பெனிட்டா படுக்கையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"மம்மி, அது எதுக்கு? சொசைட்டி குரூப்ல ஒரு மெசேஜ் போட்டாப் போதும்ல?"

"சீ, சும்மா கெட. அதெல்லாம் வாயால சொல்லப்பிடாது. யாரு கேட்டாலும் காச்சல்னு மட்டும் சொல்லு."

வியாதியின் பேரைச் சொன்னால் அது இன்னும் வளரும் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. பைபிளில் அப்படி எங்கேயும் இல்லை. இருந்தாலும் என் நாக்கு எழும்பாது.

3

மறுநாள் பாட்வா. வாஷி மார்க்கெட்டில் கணக்குப் பார்ப்பவர்களுக்கு எந்தப் பண்டிகையும் கிடையாது, இவர் காலையிலேயே கிளம்பிவிட்டார். பெனிட்டா கண்ணயர்ந்திருந்தாள். இளநீர் வாங்கலாம் என்று கதவைச் சாத்திவிட்டுக் கீழே இறங்கினேன். பண்டிகை நாள் என்பதால் தள்ளுவண்டிக்காரன் வழக்கமான இடத்தில் இல்லை. ஸ்டேஷன் வரை போக வேண்டியதாகிவிட்டது.

திரும்பி வந்து கதவைத் திறந்தால் ஹாலில் ஸ்டூல் மேல் ஒரு எவர்சில்வர் தட்டு. ஸ்ரீகண்ட் என்கிற இனிப்புத் தயிர், நாலு பூரி, ஒரு சின்னக் கிண்ணத்தில் வேப்பங்கொழுந்தையும் வெல்லத்தையும் சேர்த்து இடித்த உருண்டை. பாட்வா அன்று முதலில் அந்தக் கசப்பைத்தான் வாயில் போடுவார்கள்.

"யாருட்டி வந்தா?"

"பல்லவி தீதி." பெனிட்டா போர்வையைக் கழுத்து வரை இழுத்துப் போர்த்தியிருந்தாள். "சாவி போட்டுத் தொறந்து வந்தாங்க. நம்ம டோர்ல நீம் பாத்து ரொம்ப குஷி ஆயிட்டாங்க மம்மி. கிறிஸ்டியன் வீட்லயும் பாட்வா பண்றாங்கன்னு காக்குகிட்ட சொல்லித் தட்டு வாங்கிட்டு வந்தாங்களாம்."

இளநீர்ப் பை என் கையிலேயே இருந்தது. கீழே வைக்கத் தோன்றவில்லை.

"எம்புட்டு நேரம் இருந்தா?"

"ரொம்ப நேரம். பக்கத்துல உக்காந்து தலையெல்லாம் தடவினாங்க. ஃபீவரான்னு கேட்டாங்க, ஆமான்னேன்."

"வேற ஒண்ணும் சொல்லலியா?"

"நீதானே சொல்லக் கூடாதுன்ன." அவள் முகம் சுருங்கியது. பிறகு சிரித்துக்கொண்டே சொன்னாள்: "நெக்ஸ்ட் பாட்வாக்கு நம்ம ஃப்ளோர்ல ஒரு பேபி இருக்கும்னாங்க. என் கைய எடுத்து அவங்க வயித்து மேல வச்சாங்க."

பல்லவிக்கு அப்போது நாலாவது மாதம். காக்கு அந்த வாரம்தான் என் காதில் ரகசியமாகச் சொல்லியிருந்தார்.

இளநீர்ப் பையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சித்தி தெருமுனையில் நின்று கையை ஆட்டியதுதான் கண்ணுக்குள் வந்தது. இந்தப் பெண் வேப்பிலையைப் பார்த்துத் திரும்பிப் போகவில்லை. வேப்பிலையைப் பார்த்துத்தான் உள்ளே வந்திருக்கிறாள்.

4

இவருக்குப் போன் போட்டேன்.

"ஏளா, பதறாத. சித்த நேரம் இருந்துட்டுப் போனா ஒட்டிக்கிடுமா?"

"சித்த நேரம் இல்லங்க. புள்ள கைய எடுத்து வயித்துல வச்சிருக்கா."

பின்னால் மூட்டை இறக்குகிற சத்தத்துக்கு நடுவே அவர் குரலைத் தாழ்த்தினார்.

"நீ இப்பம் போய்ச் சொன்னா என்ன ஆவும்னு நெனச்சுப் பாத்தியா? அக்ரிமெண்ட் அடுத்த மாசம் முடியுது. சாவந்த் கையெழுத்துப் போட்டாத்தான் வீடு. நாம என்னமோ வேணும்னே சீக்க மறச்சு வச்ச மாதிரில்லா பேசுவானுவ."

"மறச்சா வச்சோம்? வாசல்ல வேப்பெலயக் கட்டியில்லா போட்டிருக்கோம்."

"அது ஒனக்கும் எனக்கும் தெரியும்," என்றார்.

அவர் பயந்ததில் தப்பு இல்லை. அதற்குச் சில மாதங்களுக்கு முன்னால் பக்கத்து பில்டிங்கில் ஒரு வீட்டில் ஜெபக்கூட்டத்தில் பாட்டுப் பாடியதற்கு நாலு பேர் வந்து கதவைத் தட்டி, யாரை மதம் மாற்றுகிறீர்கள் என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அதிலிருந்து நாங்கள் வீட்டு ஜெபத்தில் சத்தமாகப் பாடுவதே இல்லை. இந்த லட்சணத்தில், கிறிஸ்தவ வீட்டிலிருந்து பிள்ளைத்தாய்ச்சிக்கு வியாதி போயிற்று என்று கிளம்பினால்?

"சாயங்காலம் நான் வந்த பொறவு சேந்து போவோம்," என்று சொல்லி வைத்துவிட்டார்.

சாயங்காலம் வரை நான் எப்படி இருப்பேன்? எதிர்க்கதவுக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. அதில் பல்லவியின் குரலும் இருக்கிறது. முகத்தைக் கழுவினேன். எனக்குச் சின்ன வயதிலேயே அம்மை வந்து போய்விட்டதால் நான் போவதில் ஆபத்தில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். இருந்தும் கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன், புடவையை மாற்றினேன். கதவைத் திறந்து நாலே எட்டில் இருக்கிற அந்த வாசலுக்குப் போனேன்.

வீடு நிறைய சொந்தக்காரர்கள். காக்கு என்னைப் பார்த்ததும் ஓடி வந்து கையைப் பிடித்து நடு ஹாலுக்கு இழுத்துப் போனார். மராட்டியில் என்னவோ பெருமையாகச் சொன்னார். பாதி எனக்கு விளங்கியது: இவர்கள் கிறிஸ்தவர்கள், ஆனால் பாருங்கள், நம் பாட்வாவுக்கு வாசலில் வேப்பிலை கட்டியிருக்கிறார்கள். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு பெரியவர் கும்பிட்டார். பல்லவி சோபாவில் பச்சை வளையல் குலுங்க உட்கார்ந்து எனக்கு இடம் ஒதுக்கினாள்.

இத்தனை வருஷத்தில் அந்த பில்டிங்கில் யாரும் என்னை இவ்வளவு பிரியமாகப் பார்த்ததில்லை. அப்படியே திரும்பி ஓடிவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். அதுதான் நிஜம்.

அம்மைக்கு இந்தியில் என்ன பேர் என்று எனக்குத் தெரியாது. காய்ச்சலுக்குத் தெரியும், வயிற்றுப்போக்குக்குத் தெரியும், வாடகைக்கும் தண்ணீர் வராததற்கும் தெரியும். இதற்குத் தெரியவில்லை. டாக்டர் சொன்ன இங்கிலீஷ் பேரும் அந்த நேரம் நினைவுக்கு வரவில்லை. என் முன்கையைத் திருப்பி விரல் நுனியால் புள்ளி புள்ளியாகத் தொட்டேன். "பெனிட்டா," என்றேன். "இதர், இதர், இதர்." இங்கே, இங்கே என்று மார்பைக் காட்டினேன், முதுகைக் காட்டினேன். எல்லோரும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வாசலைக் கை காட்டி, "ஏ நீம் பாட்வா நஹி. பீமாரி," என்றேன். இது பண்டிகை வேப்பிலை இல்லை, நோய் வேப்பிலை.

சிரிப்பு ஒவ்வொரு முகமாக அணைந்தது. காக்கு, "காஞ்ஜண்யா?" என்று மெதுவாகக் கேட்டார். அந்த வார்த்தையை அதற்கு முன் நான் கேட்டதில்லை. அவர் முகத்தைப் பார்த்து, அதுதான் என்று தலையாட்டினேன். பல்லவி இரண்டு கையையும் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள்.

"ஏன் சொல்லவில்லை?" காக்கு இந்தியில் கேட்டார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. "இத்தனை வருஷமாக எதிர்வீடு. ஒரு வார்த்தை ஏன் சொல்லவில்லை?"

சொன்னேனே, வேப்பிலை கட்டினேனே என்று சொல்ல வாயெடுத்தேன். இந்தியில் வரவில்லை. மனதுக்குள் தமிழில் சொல்லிப் பார்த்தேன். தமிழிலும் அது பதிலாக இல்லை.

5

பல்லவியை அப்போதே டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். போட்ட இலையில் யாரும் சாப்பிட்டதாகத் தெரியவில்லை. சாயங்காலம் பெல் அடித்தது. காக்கு. கையில் எங்கள் வீட்டுச் சாவி. என் கையில் தரவில்லை, வெளியே இருந்த செருப்பு ஸ்டாண்டின் மேல் வைத்துவிட்டுத் திரும்பிப் போனார்.

இவர் வந்ததும் வராததுமாக வேப்பிலையை அவிழ்க்கப் போனார். நான் தடுத்தேன்.

"தலைக்குத் தண்ணி ஊத்தாம அத எடுக்கப்பிடாதுங்க."

"அப்பம் ஊரெல்லாம் வந்து உக்காந்துட்டுப் போகட்டும், என்னா?"

பெனிட்டாதான் படுக்கையில் இருந்தபடியே ஒரு அட்டையில் எழுதித் தந்தாள். சிக்கன்பாக்ஸ், உள்ளே வர வேண்டாம் என்று இங்கிலீஷில், இந்தியில், மராட்டியில். தமிழில் எழுதலியா என்று கேட்டேன். "தமிழுக்குத்தான் அந்த நீம் இருக்கே மம்மி," என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்கு ஏன் என்று புரியவில்லை.

சின்ன வயதில் பல்லவிக்கு அம்மை வந்து போயிருந்தால் இப்போது ஒட்டாது என்று டாக்டர் சொன்னாராம். சாத்தாராவில் இருக்கிற அவள் அம்மாவுக்குச் சரியாக ஞாபகம் இல்லை. இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். முடிவு வரும் வரை நான் சாப்பிட்டது எதுவும் உடம்பில் ஒட்டவில்லை. கடைசியில் நிதின் மாடிப்படியில் இவரிடம் சொன்னான்: ஏற்கனவே வந்து போயிருக்கிறது, பயமில்லை.

பயமில்லை என்று சொல்வது சுலபம். டெஸ்ட் தப்பாக இருந்தால்? அவர்கள் பார்த்தது வேறு யாருடைய இரத்தமோ? ராத்திரி எதிர்வீட்டில் யாராவது இருமினால் எழுந்து உட்காருவேன். இவர், "போதும் நிறுத்து, அந்தப் புள்ளத்தாச்சியவிட நீதான் ரொம்ப வாந்தி எடுக்க," என்பார். சிரிப்புக்குத்தான் சொன்னார். ஆனால் அவரும் தூங்கவில்லை.

அக்ரிமெண்டுக்கு சாவந்த் கையெழுத்துப் போட்டார். நிமிர்ந்து பார்க்கவில்லை. கை ரேகை வைத்தோம், வாடகைக்காரர் பதிவுக்காக போலீஸ் ஸ்டேஷனில் போட்டோ கொடுத்தோம். வழக்கம்போல் எந்த ஊர், எத்தனை வருஷம், எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார்கள். இந்தத் தடவை யாரோ எங்கள் மேல் எதையோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்றே நினைத்தேன். அப்படி எதுவும் இல்லை. வீடு நிலைத்தது. ஆனால் எனக்கு வீட்டைவிட அந்தப் பிள்ளைதான் பெரிய பயமாக இருந்தது.

ஏழாம் மாதம் பல்லவி பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். காக்கு லிஃப்டில் என்னைப் பார்த்தால் போனை எடுத்துப் பார்ப்பார். பிள்ளையார் சதுர்த்திக்கு எல்லா வீட்டுக்கும் மோதகம் போனது, எங்களுக்கு வரவில்லை. அதன் பிறகு ஒரு நாள் கீழே வாட்ச்மேன் பர்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சாவந்த் வீட்டில் பெண் குழந்தை என்றான். பெண் பிறந்தால் இங்கே பர்பி கொடுப்பார்கள். குழந்தை நல்லா இருக்கா என்று கேட்டேன். "லட்கி ஹை," என்றான் மறுபடியும். அதற்கு மேல் அவனுக்குத் தெரியவில்லை, எனக்குக் கேட்கத் தைரியமில்லை.

கிறிஸ்துமஸ் கழிந்து பல்லவி குழந்தையோடு திரும்பி வந்தாள். போய்ப் பார்க்க முடியவில்லை. என் சமையலறை ஜன்னலிலிருந்து அவர்கள் துணிக்கொடி தெரியும். தினமும் காலையில் அந்தக் குட்டிச் சட்டைகளைப் பார்ப்பேன். இரண்டு கையும் ஒரே அளவா? காலுறை இரண்டும் இருக்கிறதா? தொப்பி இருக்கிறது, அப்படியானால் தலை சரியாகத்தான் இருக்கும். குழந்தையைப் பார்க்காமல் அதன் துணியைப் பார்த்துப் பார்த்தே மூன்று மாதம் ஓட்டினேன்.

6

இன்றைக்குக் கம்பம் ஏறிய பிறகு, காபி ஆறிப் போன பிறகு, பெல் அடித்தது. திறந்தால் காக்கு. இடுப்பில் குழந்தை.

அவர் உள்ளே வரவில்லை. முதலில் எங்கள் நிலையின் இடது பக்கம் பார்த்தார். பிறகு வலது பக்கம் பார்த்தார். அது போதாது என்று வாயைத் திறந்தும் கேட்டார்: வீட்டில் யாருக்காவது உடம்புக்கு ஏதாவது?

"ஒண்ணும் இல்ல காக்கு. எல்லாரும் நல்லா இருக்கோம்," என்று இந்தியில் சொன்னேன்.

"பெனிட்டா?"

"லீவு. தூங்குறா. காய்ச்சல் இல்ல, எதுவும் இல்ல."

அப்புறம்தான் குழந்தையை என் கையில் கொடுத்தார். கனமான குழந்தை. என் தாலிச் செயினைப் பிடித்து இழுத்தது. எனக்கு வெட்கம் மானம் எதுவும் இல்லாமல் போயிற்று. காக்கு பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் காலுறையைக் கழற்றினேன். ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தேன். மற்றக் காலையும் பார்த்தேன். சட்டையைத் தூக்கி வயிற்றையும் முதுகையும் பார்த்தேன். கண்ணுக்கு முன்னால் விரலை ஆட்டினேன், அது விரலோடு கூடவே பார்த்துச் சிரித்தது.

பிறகுதான் நான் செய்துகொண்டிருப்பது உறைத்தது. பயந்துபோய் நிமிர்ந்தேன்.

காக்கு கோபப்படவில்லை. "நானும் இப்படித்தான் பார்த்தேன்," என்றார். "ஆஸ்பத்திரியில் துணியைப் பிரித்து. பல்லவி தூங்கின பிறகு. டாக்டர் நல்லா இருக்குன்னு சொன்னதை நான் நம்பவே இல்லை."

ஒரு வருஷமாக அந்த எதிர்க்கதவுக்கு அந்தப் பக்கமும் ஒருத்தி விழித்திருந்திருக்கிறாள். அது எனக்குத் தெரியாமல் போயிற்று. இரண்டு பேரும் வாசலில் நின்றபடியே அழுதோம். குழந்தை செயினை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது.

காக்கு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினார். "சாவி," என்றார். மராட்டியிலும் அதற்குச் சாவிதான் பேர். பெனிட்டாவை எழுப்பி அர்த்தம் கேட்க வேண்டியிருக்கவில்லை.

எடுத்துக் கொடுத்தேன். "காக்கு, சாவி இருந்தாலும் பெல் அடிச்சிட்டு வாங்க," என்றேன்.

அவர் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். "நான் பெல் அடிக்கிறேன்," என்றார். "நீ வாயைத் திறந்து சொல்லு."